14 வாரமாகத் தசைக்கு மின்தூண்டல் கொடுக்கிறோம், இரத்த ஓட்டம் நிரந்தரமாகக் கூடுமா?

கேள்வி: தம்பிக்காக

வணக்கம். என் தம்பிக்கு 27 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு விபத்தில் தண்டுவடம் அடிபட்டது. மார்புப் பகுதியில் 8ஆம் முள்ளெலும்பு மட்டம். தொப்புளுக்குச் சற்று மேலிருந்து கீழே உணர்வு இல்லை, அசைவும் இல்லை. ஆனால் கால் தசைகளுக்குப் போகும் நரம்புகள் உயிரோடுதான் இருக்கின்றன. போர்வை பட்டாலே சில நாள் கால் வெட்டி இழுக்கும்.

14 வாரத்துக்கு முன்பு வீட்டிலேயே தொடைத் தசைக்கு மின்தூண்டல் ஆரம்பித்தோம். பிசியோதெரபிஸ்ட் வைத்துக் கொடுத்த அளவு இது: 35 ஹெர்ட்ஸ், 300 மைக்ரோவினாடித் துடிப்பு, 5 வினாடி தூண்டல், 10 வினாடி ஓய்வு. ஒரு தொடைக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள். அவனைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, தொடையில் இரண்டு பட்டைகளை ஒட்டிவிட்டு, நான் எதிரே தரையில் உட்கார்ந்து எண்ணுவேன். முழங்கால் முழுதாக நீண்டால் ஒன்று. பாதி வழியில் நின்றுவிட்டால் அதோடு எண்ணிக்கை முடிந்தது.

எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. முதல் வாரம் 12 தூக்கலில் கால் சோர்ந்துவிட்டது. 10ஆம் வாரம் 76. தொடைச் சுற்றளவும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. 11ஆம் வாரம் கருவியின் கேபிள் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோய், மாற்றுக் கேபிள் வந்து சேர 16 நாள் ஆகிவிட்டது. மறுபடி ஆரம்பித்த அன்று 41. இப்போது 58.

இன்னொரு பக்கத்தில் அவன் கால் பெருவிரலின் வெப்பநிலையை எழுதுகிறேன். நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டாம் என்றார்கள், அதனால் தோலுக்கென்று இருக்கும் அகச்சிவப்புக் கருவியால் எடுக்கிறேன். முதல் நாள் 24 டிகிரி. இன்றும் 24தான். தூண்டல் முடிந்ததும் தொடை கதகதப்பாக இருக்கும். பாதம் மட்டும் அப்படியே சில்லென்று கிடக்கும்.

"தினமும் கரண்ட் கொடுத்தால் ரத்த ஓட்டம் நிரந்தரமாகக் கூடிவிடும்" என்று எங்களிடம் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இவ்வளவு நாளும் உட்கார்ந்தேன். பாதம் சூடாகவில்லை என்றால் இரத்த ஓட்டம் கூடவே இல்லையா? கூடியிருந்தால் 16 நாளில் எப்படிக் கரைந்துபோனது? தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

பதில் 1: பிசியோ16

சகோதரி, முதலில் அந்தப் பெருவிரல். நீங்கள் அளப்பது தோலின் இரத்த ஓட்டத்தை. தசையின் ஓட்டம் வேறு கணக்கு. தோலுக்கு எவ்வளவு இரத்தம் போக வேண்டும் என்பதை முக்கியமாக முடிவு செய்வது பரிவு நரம்புகள். தண்டுவடக் காயத்துக்குக் கீழே மூளைக்கும் அந்த நரம்புகளுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அப்புறம், நீங்கள் வேலை வாங்குவது தொடையை. பாதம் அங்கிருந்து வெகுதூரம், அதில் தசையும் குறைவு. தொடையைத் தூண்டிப் பெருவிரலில் பலன் பார்ப்பது நடக்காத காரியம்.

ஆனால் பாதத்தைத் தினமும் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். சிவந்த தடம், புண், ஒரு கால் மட்டும் வீங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் சூடாக இருப்பது இதற்கெல்லாம் பாருங்கள். ஒரு பக்க வீக்கம் வந்தால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பட்டையைத் தொடவே கூடாது. பட்டைக்கு அடியில் தோல் பொசுங்கினாலும் அவருக்குத் தெரியாது, உங்கள் கண்தான் அவருக்கு உணர்வு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: காயம் மார்பு 6ஆம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால், தூண்டலின்போது இரத்த அழுத்தம் திடீரென ஏறும் ஆபத்து உண்டு. தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது என்று கண்டால் உடனே நிறுத்துங்கள்.

இரத்த ஓட்டக் கேள்விக்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே ஒருவர் இருக்கிறார். வருவார்.

பதில் 2: தந்துகி எண்ணியவன்

வந்துவிட்டேன். நான் ஓய்வு பெற்ற உடலியங்கியல் ஆசிரியர். இளம் வயதில் ஆறு வருடம், எலியின் கால் தசைக்கு நாள்கணக்கில் மின்தூண்டல் கொடுத்து, அப்புறம் அந்தத் தசையில் தந்துகிகளை, அதாவது மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்களை, எண்ணுவதுதான் என் வேலை. அம்மா, உங்கள் நோட்டில் இருக்கும் 12, 76, 41, 58 என்ற நான்கு எண்களும் நாங்கள் ஆய்வகத்தில் தேடிய அதே கதையைச் சொல்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இது எங்கிருந்து தொடங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உடலில் வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் சோரும் தசைகள் உண்டு, மெதுவாகச் சுருங்கி நாள் முழுதும் தாங்கும் தசைகளும் உண்டு. மெதுத் தசைக்குப் போகும் நரம்பில் வினாடிக்குச் சுமார் 10 துடிப்பு என்ற கணக்கில் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். 1969இல் சால்மன்ஸ், வ்ர்போவா என்ற இருவர், அதே 10 ஹெர்ட்ஸை முயலின் வேகத் தசை நரம்புக்கு வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். வேகத் தசை மெல்ல மெல்ல மெதுத் தசையைப் போல நடந்துகொள்ள ஆரம்பித்தது. சரி, வேலை இப்படி மாறினால் அதற்கு வேண்டிய இரத்தம்? அந்தக் கேள்வியை 1970களில் கையில் எடுத்தவர் ஓல்கா ஹுட்லிட்ஸ்கா. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து இங்கிலாந்து போய் பர்மிங்ஹாமில் ஆய்வகம் அமைத்தவர். வ்ர்போவாவும் மார்கரெட் பிரவுனும் மற்றவர்களும் அவரோடு சேர்ந்து, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 10 ஹெர்ட்ஸ், 4 நாள் முதல் 28 நாள் வரை தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள்.

நான் முதன்முதலில் அப்படிப்பட்ட தசைத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்த நாள் இன்றும் நினைவிருக்கிறது. உறையவைத்த தசையைக் குறுக்காக மெல்லிய சீவல்களாக அறுத்து, தந்துகிச் சுவரில் இருக்கும் ஒரு நொதியின் மேல் நிறம் ஏற்றுவோம். கண்ணை வைத்தால், வெளிறிய பலகோணக் கற்கள் நெருக்கிப் பதித்த தரை மாதிரித் தெரியும். ஒவ்வொரு கல்லும் ஒரு தசைநார். கற்கள் சந்திக்கும் மூலைகளில் கரும்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தந்துகி. தூண்டாத காலின் துண்டில் பெரிய நார்களைச் சுற்றி இரண்டு மூன்று புள்ளிதான். அதே விலங்கின் மறு காலில், நான்கு வாரம் தூண்டிய தசையில், பக்கங்களில்கூடப் புள்ளி. எண்ணும் கருவியை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலித்தது. என் ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நாரையும் சேர்த்து எண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது முக்கியமான விஷயம். ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை தந்துகி என்று மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். நீண்ட நாள் ஓயாமல் தூண்டினால் நார்கள் மெலியும். நார் மெலிந்தால் புள்ளிகள் தாமாக நெருங்கி வரும், புதிதாக ஒன்றுகூட முளைத்திருக்காது. ஒரு நாருக்கு எத்தனை தந்துகி என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிப் பார்த்தபோதும் கூடியிருந்தது. 28 நாளில் தந்துகி அடர்த்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது ஹுட்லிட்ஸ்கா குழு முயலில் கண்டது. முதல் மாற்றம் 4ஆம் நாளிலேயே, அதுவும் தந்துகி மிகக் குறைவாக இருந்த வேக நார்களைச் சுற்றித் தெரிந்தது. நாரின் உள்ளமைப்பு பெரிதாக மாறுவதற்கு முன்பே இரத்தக் குழாய் வந்து நிற்கிறது. எனக்கு இன்றும் வியப்பு இதில்தான்.

வேக நார்களுக்கு ஏன் முதலில்? நாமே நடந்தால் மூளை சின்ன நார்களை முதலில் கூப்பிடும். பெரிய வேக நார்களை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளும். மின்தூண்டலுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. பட்டைக்கு அருகில் இருக்கும் நரம்புக் கிளைகள் எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்பும், ஒவ்வொரு முறையும் அதே நார்களை. வழக்கமாகச் சும்மா இருந்த நார்களுக்கு திடீரென்று தினசரி வேலை. உங்கள் தம்பி 12 தூக்கலில் சோர்ந்ததற்கும் இதுவே ஒரு காரணம்.

இனி உங்கள் கேள்வி, நிரந்தரமாகக் கூடுமா என்பது. ஓய்வில் இருக்கும் தசைக்கு 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 2 முதல் 4 மி.லி. இரத்தம் போதும். கடும் வேலையில் இது பல பத்து மடங்கு ஏறும். தூண்டிப் பழக்கிய தசையில் ஓய்வு நேர ஓட்டம் சற்றுக் கூடினாலும் கூடலாம், ஆனால் பெரிய வித்தியாசத்தை அங்கே தேடக் கூடாது. தசை வேலை செய்யும்போது தேடுங்கள். புதுத் தந்துகிகள் வந்தால் இரத்தம் ஒவ்வொரு நாரையும் நெருங்கி ஓடும். ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் குறையும். சிவப்பணு தந்துகிக்குள் ஒற்றை வரிசையில், உடம்பை மடித்துக்கொண்டு, ஊர்ந்துதான் போகும். வழிகள் அதிகமானால் ஒவ்வொரு வழியிலும் அவசரம் குறைந்து, ஆக்சிஜனை இறக்கிவைக்க நேரம் கிடைக்கும். மொத்த ஓட்டம் அதே அளவு இருந்தாலும் பலன் கூடும். உங்கள் 76இல் அதற்கும் பங்கு இருக்கும்.

பதில் 3: நடைவலி

குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். என் அப்பாவுக்குக் கால் தமனியில் அடைப்பு, கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இந்தத் தூண்டல் பெரிய இரத்தக் குழாயையும் வளர்க்குமா? தந்துகி வளர என்ன காரணம்? மின்சாரமே வளர்க்கிறதா?

பதில் 4: தந்துகி எண்ணியவன்

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மின்சாரம் நேரடியாக எதையும் வளர்ப்பதில்லை. அது நரம்பை எழுப்புகிறது, நரம்பு தசையைச் சுருக்குகிறது. அதன்பின் நடப்பது இரண்டு. ஒன்று, வேலை செய்யும் தசைக்குள் இரத்தம் பாய்ந்து, குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. இன்னொன்று, தசை சுருங்கி நீளும்போது தந்துகியும் இழுபடுகிறது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு அழகான வழி கண்டுபிடித்தார்கள். பிரசோசின் என்பது இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்து. அதை எலிக்குக் கொடுத்தால், எந்த உடற்பயிற்சியும் இல்லாமலே தசையில் இரத்த ஓட்டம் கூடும். அப்போதும் தந்துகிகள் பெருகின. ஆனால் வெளியே முளைவிடவில்லை. ஒரு தந்துகியின் உட்புறம் தடுப்பு எழும்பி, ஒன்று இரண்டாகப் பிளந்தது. வேறு எலிகளில் பக்கத்துத் தசையை நீக்கி மிச்சத் தசையை இழுபட வைத்தார்கள். அங்கே தந்துகி தன் உறையைக் கரைத்துக்கொண்டு பக்கவாட்டில் முளைவிட்டது. மின்தூண்டலில் இரண்டும் சேர்ந்து நடக்கும். உரசல் வழியில் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பெரிய பங்கு. அது உருவாவதைத் தடுத்துவிட்டுத் தூண்டினால் தந்துகி வளர்ச்சியும் நின்றுபோகிறது.

பெரிய குழாய் பற்றி. தண்டுவடக் காயம் பட்டவர்களின் தொடைத் தமனி சில வாரங்களிலேயே சுருங்கிவிடும், வேலை இல்லாத ஆற்றில் மணல் மேடு தட்டுவது போல. மின்தூண்டலால் மிதிவண்டி மிதிக்கவைத்தால் அது மறுபடி விரிவதை அல்ட்ராசவுண்டில் அளந்திருக்கிறார்கள். தம்பிக்காக எழுதிய அம்மா இதைக் கவனிக்கவும்.

இன்னொரு சாட்சி இதய அறுவையிலிருந்து. 1985இல் பாரிசில் கார்ப்பந்தியேவும் ஷஷ்கேயும் முதுகின் அகன்ற தசையை எடுத்து, பலவீனமான இதயத்தைச் சுற்றிப் போர்த்தி, தூண்டல் கருவியால் இதயத்துடிப்போடு சேர்ந்து சுருங்கவைத்தார்கள். தசை சோராமல் இருக்க வாரக்கணக்கில் பழக்க வேண்டியிருந்தது. பெரிய சிக்கல் இரத்தத்தில்தான் வந்தது. அந்தத் தசைக்கு அக்குள் பக்கமிருந்து ஒரு தமனி வரும், விலா இடைவெளிகளிலிருந்து பல சிறு கிளைகளும் வரும். தசையைத் தூக்கி எடுக்கும்போது சிறு கிளைகள் அறுபடும். கடைக்கோடிப் பகுதி பட்டினி கிடக்கும். விலங்குகளில், தசை அதன் இடத்தில் இருக்கும்போதே சில வாரம் தூண்டிவிட்டுப் பின்பு எடுத்தபோது, அந்தக் கடைக்கோடிக்கு இரத்தம் மேலாகப் போனது. அந்த அறுவை பின்னால் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் தூண்டல் தசைக்குள் இருக்கும் இணைப்புக் குழாய்களையும் பலப்படுத்தும் என்பதை நாங்கள் கற்றது அங்கேதான்.

உங்கள் அப்பா மாதிரி நோயாளிகளுக்குக் கெண்டைக்காலில் குறைந்த அதிர்வெண்ணில் சில வாரம் தூண்டல் கொடுத்த ஆய்வுகளில், வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடியிருக்கிறது. ஆனால் நடக்க முடிந்தவருக்கு மேற்பார்வையோடு நடைப்பயிற்சிதான் முதல் மருந்து. இரத்தக்குழாய் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் ஒட்ட வேண்டாம்.

பதில் 5: தம்பிக்காக

ஐயா, இரண்டு முறை படித்தேன். தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்போ என் காலுக்குள்ள புது வழி போட்டிருக்காங்க" என்றான். 16 நாளில் 76 எப்படி 41 ஆனது என்பதை மட்டும் சொல்லவில்லையே. போட்ட வழியெல்லாம் மூடிவிட்டதா? இன்னொன்றும் கவனித்தேன். அவன் கால் நீண்டு நிற்கும் அந்த 5 வினாடியும் தொடை வெளிறித் தெரியும், ஓய்வில் நிறம் திரும்பும். இது என்ன?

பதில் 6: தந்துகி எண்ணியவன்

இறுக்கமாகச் சுருங்கிய தசை தன் குழாய்களைத் தானே நெரிக்கும். 35 ஹெர்ட்ஸில் துடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பிடியாகிவிடும். அந்த 5 வினாடி இரத்தம் உள்ளே போவது குறைந்து, சிரையில் இருப்பது மேல்நோக்கிப் பிழிந்து தள்ளப்படும். விட்டதும் பாய்ந்து வரும். தோல் நிறத்தை வைத்துத் தசையைக் கணிக்கக் கூடாது, ஆனால் தாளத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். தசை சாப்பிடுவது அந்த 10 வினாடி ஓய்வில். யாராவது சீக்கிரம் முடிக்கலாம் என்று ஓய்வைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

10 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் பிடி விழாது. தசை தனித்தனியாகத் துள்ளும், இடையிடையே இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், நீண்ட நேரம் தாங்கும். கால் நீளாது, பார்க்க ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். தந்துகி ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது இந்த மாதிரித் தூண்டல்தான். தசை பருக்க 35, தாங்க இது. உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் வாரத்தில் சில நாள் இதையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள். அவர் சரி என்றால் மட்டும்.

16 நாள் பற்றி. தந்துகி சும்மா இருந்தால் உடம்பு அதை வைத்துக் காப்பாற்றாது. உரசல் நின்றால் வளரச் சொன்ன செய்தியும் நிற்கும், வாரங்கள் போகப் போகக் குறையும். அதே நேரத்தில் நாருக்குள் ஆக்சிஜனை எரிக்கும் நொதிகளும் இறங்கும். உங்கள் 35 தூக்கல் இழப்பில் இரண்டுக்கும் பங்கு இருக்கும். ஆனால் எல்லாம் போகவில்லை, 12க்குத் திரும்பவில்லை பாருங்கள். 41இலிருந்து ஆரம்பித்து 58க்கு வந்துவிட்டீர்கள். உங்களிடம் "நிரந்தரமாக" என்று சொன்னவர் அந்த ஒரு சொல்லில்தான் தவறினார். தூண்டும்வரை இருக்கும்.

பதில் 7: பிசியோ16

குறைந்த அதிர்வெண்ணை நானும் என் நோயாளிகளுக்குச் சேர்க்கிறேன், ஐயா சொன்ன அதே காரணத்துக்கு. ஒன்று மட்டும். இரண்டு வருடம் எடை தாங்காத எலும்பு மெலிந்திருக்கும். 76ஐப் பிடிக்க வேண்டும் என்று மில்லி ஆம்பியரைக் கூட்டிக்கொண்டே போனால் முழங்காலுக்கு மேலே எலும்பு முறியலாம். எண்ணிக்கை ஏறட்டும், கரண்ட் ஏற வேண்டாம். பாதியில் கால் தடைபட்டால் கையால் பிடித்து நிறுத்தவும் கூடாது.

பதில் 8: தம்பிக்காக

எங்கள் பிசியோதெரபிஸ்டிடம் பேசினேன். செவ்வாய், வெள்ளி மட்டும் 6 ஹெர்ட்ஸ், 40 நிமிடம் என்று கருவியில் தனியாகப் பதிந்து கொடுத்தார். நேற்று முதல் முறை. ஐயா சொன்ன மாதிரி கால் நீளவே இல்லை. தொடை மட்டும் தண்ணீரில் மீன் குஞ்சு துள்ளுவது போலத் துள்ளிக்கொண்டே இருந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான், 40 நிமிடமும் போனை எடுக்கவில்லை.

நோட்டில் வெப்பநிலைப் பக்கத்தை மூடிவிட்டேன். பாதத்துக்கு வேறு பக்கம் திறந்திருக்கிறேன்: வீக்கம், நிறம், தடம். தூக்கல் பக்கத்தில் இன்று 63. அதே மில்லி ஆம்பியர்தான், கூட்டவில்லை. கேபிளில் இரண்டு உதிரி வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன்.